நூற்றுக்கு இரண்டே முக்கால்: கேசினோ மேசையில் நாம் செய்யும் பிழைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு லைனில், நூற்றுக்கு இரண்டே முக்கால் பீஸ் ரிஜெக்ட் ஆனால் என்ன நடக்கும் என்று அங்கே வேலை பார்க்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள். ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் பீஸ் ஓடுகிறதென்றால் நூற்றுப் பத்து பீஸ் ஸ்கிராப்புக்குப் போகும். சூப்பர்வைசர் லைனை நிறுத்துவார். குவாலிட்டியிலிருந்து ஆள் வரும். மாதக் கடைசியில் அது எத்தனை லட்சம் என்று கணக்கு எழுதப்படும். சின்னதாகத் தெரியும் சதவீதம், ஆயிரக்கணக்கான தடவை ஓடும்போது எவ்வளவு பெரிதாகும் என்பதை அந்தத் தொழிலாளிக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதே தொழிலாளி போனஸ் வந்ததும் நண்பர்களோடு கோவா போகிறார். மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் ஏறி ரூலெட் மேசை முன் நிற்கிறார். அந்த மேசை அவரிடம் எடுத்துக்கொள்ளும் பங்கும் கிட்டத்தட்ட அதே நூற்றுக்கு இரண்டே முக்கால்தான். லைனில் அவரைப் பதற வைக்கிற எண், இங்கே அவர் கண்ணில் படுவதே இல்லை. கேசினோவில் மனிதர்கள் செய்கிற பெரும்பாலான பிழைகளுக்கு வேர் இதுதான். அவர் படிக்காதவர் என்பதாலோ பேராசைக்காரர் என்பதாலோ அந்தப் பிழைகள் வருவதில்லை; கணிதப் பேராசிரியர்களுக்கும் வருகின்றன. அவற்றைத் தவிர்க்கத் தேவையான அறிவு மட்டும் தொழிற்சாலைத் தரையில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்துக் கேசினோ மேசையில் வைத்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் கேசினோ கிடையாது, தமிழ்நாட்டிலேயே கிடையாது. ஆனால் கேசினோ எட்டாத தூரத்திலும் இல்லை. கோவா 1990-களில் சட்டத்தைத் திருத்தி, நட்சத்திர விடுதிகளிலும் கப்பல்களிலும் சூதாட்டத்துக்கு வழிவிட்டது. சிக்கிமிலும் அனுமதி உண்டு. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணத்தில் கொழும்புக் கேசினோக்கள். சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு கேசினோக்கள் திறந்தன. உள்நாட்டவர் ஒரு நாள் உள்ளே போக 150 வெள்ளி கட்ட வேண்டும், வேலைக்குப் போன வெளிநாட்டவருக்கு நுழைவு இலவசம். இவை எதற்கும் போகாதவருக்கும் கைப்பேசியில் ரம்மி இருந்தது. வட மாவட்டங்களில் காட்டன் எனும் எண் சூதாட்டமும் மூன்று நம்பர் லாட்டரியும் சட்டத்துக்கு மறைவாக இன்றும் ஓடுகின்றன. மேசை மாறினாலும் பிழைகள் மாறுவதில்லை.

சூதில் பிறந்து தொழிற்சாலைக்கு வந்த கணிதம்

நிகழ்தகவு என்று பள்ளியில் படிக்கிறோமே, அந்தக் கணிதம் பிறந்ததே சூதாட்டத்தில்தான். பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பணத்தை இருவருக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்ற கேள்வியை வைத்து, 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களில் அது வடிவம் பெற்றது. 1713-இல் வெளிவந்த யாக்கோப் பெர்னூலியின் நூல் அடுத்த பெரிய அடி: ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, விளைவுகளின் சராசரி அதன் உண்மையான விகிதத்தை நெருங்கிக்கொண்டே போகும் என்று அவர் நிறுவினார். பெரும் எண்களின் விதி என்று இதைச் சொல்கிறோம்.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1924-இல், அமெரிக்காவின் வால்டர் ஷூஹார்ட் இதே கணிதத்தை வைத்துக் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். இன்று ஆலைகளின் சுவரில் மேல்கோடு, கீழ்கோடு போட்டுத் தொங்குகிறதே, அந்த சார்ட்தான். இந்தியப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் அழைப்பின் பேரில் 1947-48-இல் ஷூஹார்ட் இந்தியாவுக்கும் வந்தார். நம் நாட்டில் புள்ளியியல் வழித் தரக்கட்டுப்பாடு வேர்பிடித்தது அதன் பிறகுதான். ஆகவே சிப்காட் தொழிலாளி கையாளும் சார்ட்டுக்கும் கேசினோ முதலாளி கையாளும் கணக்குக்கும் மூலம் ஒன்றே.

பிழை 1: கொண்டுபோன பணத்துக்குக் கணக்குப் போடுவது

ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் 100 ரூபாய் கட்டி அது விழுந்தால், கட்டிய பணத்தோடு சேர்த்து 3,600 ரூபாய் கைக்கு வரும். 37 எண்களுக்கும் சமவாய்ப்பு இருக்கும்போது நியாயமாக வரவேண்டியது 3,700. அந்த 100 ரூபாய்தான் மேசையின் பங்கு: 37-இல் 1, அதாவது 2.7 சதவீதம். சிவப்பில் கட்டினாலும் கருப்பில் கட்டினாலும் பங்கு இதேதான். பச்சை நிறப் பூஜ்யம் அதைப் பார்த்துக்கொள்ளும். சில இடங்களில் சக்கரத்தில் இரண்டு பூஜ்யங்கள் இருக்கும். அங்கே பங்கு 5.26 சதவீதமாக, ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். உட்காருமுன் எத்தனை பூஜ்யம் என்று பார்க்காமல் விடுவது எளிதில் தவிர்க்கக்கூடிய பிழை.

பத்தாயிரம் ரூபாயோடு போகிறவர், "2.7 சதவீதம்தானே, 270 ரூபாய் போகும், போகட்டும்" என்று நினைக்கலாம். மேசை பங்கெடுப்பது பையிலிருக்கும் பணத்தில் அல்ல, ஒவ்வொரு சுற்றிலும் கட்டும் பணத்தில். சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று, ஐந்து மணி நேரம் என்றால் 200 சுற்று. அதே நோட்டுகள் மேசைக்கும் கைக்குமாகப் போய்வந்து, கட்டிய மொத்தம் ஒரு லட்சம் ஆகிவிடும். அதில் 2.7 சதவீதம் 2,700 ரூபாய். பத்தாயிரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல்.

இது சராசரி. சிவப்பிலோ கருப்பிலோ மட்டும் கட்டும் தனி மனிதரின் ஓர் இரவை எடுத்துக்கொண்டால், இந்த 200 சுற்றுக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லாபத்தோடு எழுந்திருப்பார். ஊருக்கு வந்து கதை சொல்பவர் அவர்தான். தோற்ற இருவரும் பேசமாட்டார்கள். அதே ஆட்டத்தை ஐம்பது இரவு, அதாவது 10,000 சுற்று ஆடினால் லாபத்தில் நிற்பவர் ஆயிரத்தில் மூன்று நான்கு பேர்தான். ஆடுபவருக்குச் சில நூறு சுற்று. கேசினோவுக்கோ ஒரே இரவில் ஆயிரக்கணக்கான சுற்று. பெர்னூலியின் விதி, ஒவ்வொரு சுற்றிலும் பங்கெடுக்கும் கேசினோவின் பக்கம் உறுதியாக வேலை செய்கிறது. கேசினோ எந்தத் தனி ஆளையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. மேசை ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

பிழை 2: "இத்தனை நாள் வரல, இன்னிக்கு வரும்"

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ கேசினோவில் ரூலெட் பந்து தொடர்ந்து 26 முறை கருப்பில் விழுந்தது. பதினைந்து தடவைக்கு மேல் கருப்பு வந்ததும், இனி சிவப்பு வந்தே தீரும் என்று கூட்டம் சிவப்பில் பணத்தைக் கொட்டியது, கொட்டியதெல்லாம் போனது. இருபத்தேழாவது சுற்றில் சிவப்பு வரும் வாய்ப்பு, முதல் சுற்றில் இருந்த அதே 37-இல் 18தான். முந்தைய சுற்றில் என்ன விழுந்தது என்பது பந்துக்குத் தெரியாது.

காட்டன் ஆடுபவர்கள் பழைய நம்பர் சார்ட்டை விரித்துவைத்து, எந்த எண் வெகுநாளாக வரவில்லை என்று தேடுவதும் இதே பிழைதான். பெரும் எண்களின் விதியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் இது வருகிறது. "கடைசியில் சரிசமமாகத்தானே ஆகணும்?" என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் அவர்கள் நினைக்கிற வழியில் அல்ல. ஒரு நாணயத்தைச் சுண்டும்போது முதல் பத்தும் தலையாக விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆயிரம் சுண்டலில் பூ கூடுதலாக வந்து ஈடுகட்டப்போவதில்லை. சராசரியாக 500 தலை, 500 பூ. மொத்தம் 1,010-இல் 510 தலை, அதாவது 50.5 சதவீதம். அந்தப் பத்துத் தலையின் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஆயிரத்துக்கு நடுவே அதன் கனம் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆலையின் சார்ட்டுக்கு அர்த்தம் உண்டு. டூல் தேயும், வெப்பம் ஏறும், அடுத்த பீஸில் அது தெரியும். நேற்றைய அளவு நாளைய அளவைப் பற்றிச் சொல்லும். நேர்மையான சக்கரத்தில் தேய்வதற்கு எதுவும் இல்லை. சார்ட் பார்த்துப் பழகிய கண் இங்கேதான் ஏமாறுகிறது.

காட்டனின் கணக்கோ இன்னும் கொடுமை. இரண்டு இலக்க எண்கள் நூறு. ஒரு ரூபாய்க்கு எழுபது கொடுப்பதாக வைத்துக்கொண்டால், கட்டிய ஒவ்வொரு நூறு ரூபாயிலும் முப்பது நடத்துபவருக்குப் போகிறது. ரூலெட்டைவிடப் பதினோரு மடங்கு. விலை குறைவான சீட்டு, ஆனால் விகிதத்தில் மிக விலையுயர்ந்த ஆட்டம்.

பிழை 3: தோற்றால் இரட்டிப்பாக்குவது

"தோற்கும்போதெல்லாம் இரண்டு மடங்கு கட்டு, ஒரு தடவை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும்." ஷிப்ட் பஸ்ஸில் யாராவது ஒருவர் இந்த உத்தியைச் சொல்லிக்கொண்டிருப்பார். 100, 200, 400 என்று போய் ஏழாவது தடவை 6,400 கட்டியும் தோற்றால், அதுவரை போனது 12,700 ரூபாய். எட்டாவதற்கு 12,800 வேண்டும். கையில் இருக்காது, இருந்தாலும் மேசையில் உச்சவரம்பு எழுதியிருக்கும்.

ஏழு தடவை தொடர்ந்து தோற்பது 106-இல் ஒரு முறை நடக்கும். மீதி 105 முறையும் தலா 100 ரூபாய் லாபம்: 10,500. அந்த ஒரு முறை நஷ்டம் 12,700. கூட்டிக் கழித்தால் 2,200 ரூபாய் பள்ளம். இந்த உத்தி மேசையின் பங்கைக் குறைப்பதில்லை. அடிக்கடி வரும் சின்ன நஷ்டங்களைச் சேர்த்துவைத்து ஒரே அடியாகக் கொடுக்கிறது.

பிழை 4: "இது திறமை ஆட்டம்"

நம் ஊர் 'உள்ளே வெளியே'தான் கோவா கேசினோவில் அந்தர் பாஹர். ஒரு சீட்டைத் திறந்துவைத்து, அதன் ஜோடி உள்ளே விழுமா வெளியே விழுமா என்று கட்டுவது. பாதிக்குப் பாதி என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மீதமிருக்கும் 51 சீட்டில் ஜோடி மூன்று. முதல் சீட்டிலேயே அது வர வாய்ப்பு 5.88 சதவீதம், முதலில் வராமல் இரண்டாவதில் வர 5.65 சதவீதம். இப்படி ஒவ்வொரு படியிலும் முதலில் சீட்டு விழும் பக்கம் ஒரு நூல் முன்னே நிற்கும். கடைசிவரை கூட்டினால் அந்தப் பக்கத்துக்கு 51.5 சதவீதம், மறு பக்கத்துக்கு 48.5. கேசினோவுக்கு இது தெரியும் என்பதால், முதல் பக்கம் வென்றால் 100-க்கு 90 மட்டும் கொடுப்பது பரவலான விதி. இந்த விதியில் எந்தப் பக்கம் கட்டினாலும் இரண்டு முதல் மூன்று சதவீதம் மேசைக்கு.

ரம்மியில் திறமை உண்டு என்பது உண்மை. உச்ச நீதிமன்றமே 1967-இல் அப்படிச் சொன்னது. ஆனால் நடத்துபவர் கமிஷன் எடுத்தால் திறமையின் கணக்கே மாறும். இருவர் ஆளுக்கு 100 ரூபாய் வைக்க, மொத்தத்தில் 10 சதவீதம் கமிஷன் போனால் வென்றவருக்கு 180. நஷ்டமில்லாமல் இருக்கவே நூறில் 56 ஆட்டம் வெல்ல வேண்டும். சமமான இருவர் ஆடினால் இருவருமே நாளடைவில் தோற்பார்கள். கட்டிய பணத்தில் பத்து சதவீதம் போகும், ரூலெட்டைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் சிதைந்து, தற்கொலைகள் தொடர்ந்தபோது, நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டு 2022-இல் அறிக்கை வந்தது. 2023-இல் மாநிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பிரிவினையையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது.

பிழை 5: "கொஞ்சத்துல போச்சு"

இதுவரை பார்த்தவை கணக்கின் பிழைகள். காகிதத்தில் போட்டால் விளங்கிவிடும். விளங்கிய பிறகும் கை ஏன் நிற்பதில்லை என்பதற்கு மூளையைப் பார்க்க வேண்டும்.

உளவியலாளர் எலன் லாங்கர் 1975-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். அலுவலக ஊழியர்களிடம் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டை விற்று, பிறகு அதையே திரும்ப விலைக்குக் கேட்டார். கையில் கொடுக்கப்பட்ட சீட்டை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தாங்களே தேர்ந்தெடுத்து எடுத்தவர்கள் கேட்டது 8.67 டாலர். பரிசு விழும் வாய்ப்பு இரு தரப்புக்கும் ஒன்றுதான். நானே எடுத்தேன் என்பது மட்டுமே அந்த விலை வித்தியாசம்.

2009-இல் லூக் கிளார்க் குழுவினர் கேம்பிரிட்ஜில் ஆட்களை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்து ஸ்லாட் எந்திர ஆட்டம் ஆடவிட்டார்கள். ஒரு கட்டம் தள்ளி நின்று பரிசு தவறியபோது, உண்மையில் வென்றால் தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்பட்டன. அந்தத் தோல்வி சாதாரணத் தோல்வியைவிடக் கசந்தது என்று ஆடியவர்கள் சொன்னார்கள். ஆனாலும் இன்னொரு முறை ஆடும் ஆசை, அவர்களே குறியைத் தேர்ந்தெடுத்த சுற்றுகளில், கூடியது. வேலை கற்கும்போது இந்தக் குணம் நல்லது. வெல்டிங் பழகுபவர் நூலிழையில் தவறினால், அடுத்த தடவை சரியாக வரும் என்பதற்கு அது அடையாளம். சக்கரத்தில் நூலிழையில் தவறுவதற்கும் முழுதாகத் தவறுவதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வெல்டிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள வேறுபாடு மூளைக்குத் தெரிவதில்லை.

இதற்கு அடியில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்கிறது. நரம்பியல் ஆய்வாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகளில், டோபமின் நரம்பணுக்கள் பரிசைவிட எதிர்பார்ப்புக்கே அதிகம் துடிப்பது தெரிந்தது. கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருக்கும்போது, காத்திருக்கும் நொடிகளில் அந்தத் துடிப்பு மிக அதிகம் என்று 2003-இல் அவர் குழு காட்டியது. சிவப்பா கருப்பா என்பது கிட்டத்தட்ட அந்தச் சரிபாதிதான். பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் போல வேலை செய்யும் சில மாத்திரைகளை எடுத்தவர்களில் ஒரு பகுதியினர், வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள்கூட, சூதாட்டத்துக்கு அடிமையானதை மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒழுக்கம் கெட்டவன் என்று திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிழை 6: விட்டதைப் பிடிப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். பத்தாயிரத்தோடு வந்தவர் எட்டாயிரம் தோற்றுவிட்டார். எழுந்து போனால் எட்டாயிரம் நஷ்டம் உறுதி. ஏ.டி.எம்.மில் எடுத்து இன்னொரு எட்டாயிரத்தை ஒரே தடவையாகக் கட்டினால், விட்டது முழுதும் திரும்பலாம் அல்லது நஷ்டம் பதினாறாயிரம் ஆகலாம். உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டியது இந்த மனநிலையைத்தான்: ஒரே தொகை கிடைத்தால் வரும் மகிழ்ச்சியைவிட அதை இழந்தால் வரும் வலி பெரிது; உறுதியான நஷ்டத்தை ஏற்க முடியாமல் மனிதர் பெரிய ஆபத்தில் இறங்குவார். அந்த வேளையில் மனம் கையிலுள்ள இரண்டாயிரத்திலிருந்து கணக்கைத் தொடங்குவதில்லை, சாயங்காலம் இருந்த பத்தாயிரத்திலிருந்து தொடங்குகிறது. இழக்க இழக்கச் சூதின் மேல் ஆசை கூடும் என்பதை வள்ளுவர் சூது அதிகாரத்தின் கடைசிக் குறளிலேயே உவமையாக வைத்திருக்கிறார்.

விட்டதைப் பிடிக்க எடுக்கும் பணம் பெரும்பாலும் சொந்தப் பணமாக இருப்பதில்லை. சம்பள அட்வான்ஸ், சீட்டுப் பணம், மனைவியின் நகை, கடன் செயலி, மீட்டர் வட்டி என்று வரிசையாக வரும். வீட்டில் மறைப்பதும் இங்கேதான் தொடங்குகிறது. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சூதாட்டக் கோளாறைப் போதை நோய்களோடு சேர்த்தபோது, விட்டதைப் பிடிக்கத் திரும்பப் போவது, பொய் சொல்வது, பிறரிடம் பணத்துக்கு நிற்பது ஆகியவற்றை அடையாளங்களாக வைத்தது.

வாசலுக்கு வெளியே முடிவு செய்ய வேண்டியவை

மேசையில் உட்கார்ந்த பிறகு மூளை நம் பக்கம் இருக்காது. எனவே முடிவுகளை முன்பே எடுத்துவிட வேண்டும். போகாமல் இருப்பதே நல்லது. போவதென்றால் சினிமா டிக்கெட் போலத் திரும்பி வராது என்று எழுதிவிட்ட பணத்தை மட்டும் ரொக்கமாக எடுத்துப் போங்கள். ஏ.டி.எம். கார்டும் கைப்பேசிப் பணச் செயலியும் அறையிலேயே இருக்கட்டும். தொகைக்கு மட்டுமல்ல, நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். பங்கு சுற்றுக்குச் சுற்று எடுக்கப்படுகிறது. கோவாவில் நுழைவுக் கட்டணத்தோடு சாப்பாடும் மதுவும் வரும். குடித்துவிட்டு மேசைக்குப் போனால், போட்ட வரம்பை நினைவூட்டும் மூளைப் பகுதிதான் முதலில் அடங்கும். நுழைவோடு தரப்படும் சில சிப்களை ஆட மட்டுமே முடியும், பணமாக மாற்ற முடியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வென்ற பணத்துக்கு 30 சதவீத வருமான வரி உண்டு, அதில் தோற்ற பணத்தைக் கழிக்கவும் முடியாது. ஜெயித்த காசு கேசினோ காசு, போனால் போகட்டும் என்று நினைக்காதீர்கள். கைக்கு வந்த நொடியிலிருந்து அது உங்கள் பணம்.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அங்கே ஒருவர் தன்னைக் கேசினோவுக்குள் விடவேண்டாம் என்று தானே எழுதிக் கொடுக்கலாம்; குடும்பத்தினரும் விண்ணப்பித்துத் தடை வாங்கலாம். நம் ஊரில் யாருக்காவது பழக்கம் கைமீறிப் போயிருந்தால், 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சிகிச்சை உண்டு. இது குணமாகக்கூடிய கோளாறு. கடனை அடைத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பது, விட்டதைப் பிடிக்கும் அதே கணக்கின் இன்னொரு வடிவம்தான்.

கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காக்களூர் என்று இந்த மாவட்டத்தின் ஆலைகளில் பாதுகாப்புக்கும் தரத்துக்கும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ரிஜெக்ஷன் சதவீதம் சொல்லித்தரும் அதே வகுப்பில், அதே போர்டில், இன்னும் அரை மணி நேரம் ரூலெட்டின் 2.7, ரம்மி கமிஷனின் 10, காட்டனின் 30 ஆகிய எண்களையும் எழுதிக் காட்டலாம். தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அது புரியும், ஏனென்றால் அவர்கள் தினமும் போடும் கணக்குதான் அது. ஆலை நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஐ.டி.ஐ. ஆசிரியர்களும் இதைக் கையிலெடுக்க வேண்டும். சட்டம் ஒரு செயலியை மூடினால் வேறொன்று முளைக்கும். விகிதம் பார்க்கப் பழகிய கண்ணை எந்த மேசையும் எளிதில் ஏமாற்ற முடியாது.